வாத்து கட்டிய வரி

கணக்கு உதைக்கிறது, வந்து பாருங்கள் என்று துப்பறிவாளரைக் கூப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். கணக்கு அச்சடித்த மாதிரி சரியாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டவள் அந்த அம்மாள் ஒருத்திதான்.

நிதித்துறைக் கட்டடத்தில் லிஃப்ட் நிற்காத மாடி ஒன்றில் அவளுக்கு அறை. வருகிற வருஷம் எந்த வரியில் எந்த மாதம் எவ்வளவு தேறும் என்று பட்ஜெட்டுக்கு முன்னாலேயே சொல்வது அவள் வேலை. ஜோசியம்தான். ஜோசியர் சொன்னது பலிக்காவிட்டால் கேட்பாரில்லை. இவள் சொன்னது பலிக்காவிட்டால் மெமோ வரும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆபீசில் எல்லாரும் அவளைக் கணிப்பம்மா என்றார்கள்.

துப்பறிவாளருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘எதுக்கும்.’ சுவர்க் கடிகாரம் பத்து மணி காட்டினால், "எதுக்கும் இன்னொரு கடிகாரத்தைப் பார்" என்பார். மழை கொட்டினால் கையை வெளியே நீட்டி நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடையை விரிப்பார். பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் கிடையாது. படித்தவர்கள் எழுதிவைத்ததை நம்பும் பழக்கம் அதைவிடக் கிடையாது.

கூட வந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. வயது நாற்பதைத் தாண்டியும் வாய் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. அக்காவின் சிபாரிசில் உதவியாளனாகச் சேர்ந்தவன். அக்காவின் சிபாரிசு என்றால் உத்தரவு என்று அர்த்தம்.

அறையின் சுவர் முழுக்கப் பலகைகள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பலகை. மாதத்துக்கு ஒரு இடமாகக் குண்டூசி குத்தி நூல் கட்டியிருந்தது. கணிப்புக்குச் சிவப்பு நூல், வந்து சேர்ந்த வசூலுக்கு நீல நூல். மேஜையில் கம்ப்யூட்டர் இருந்தாலும், மேலதிகாரி வந்து நின்றால் ஒரே பார்வையில் புரியவேண்டும் என்று கணிப்பம்மா வைத்திருந்த பழக்கம் அது.

கதவைத் தாழ்போட்டுவிட்டு அவள் ஒரு பலகையைக் காட்டினாள். மேலே ‘கல் வரி’ என்று எழுதியிருந்தது.

"இதுல எத்தனை நூல் இருக்கு, சொல்லுங்க."

"ஒண்ணு. நீலம்" என்றான் மச்சினன். "மாமா, துப்பறியத்தானே வந்தோம்? கண் பரிசோதனைன்னு சொல்லவே இல்லையே."

கணிப்பம்மா நகத்தால் நீல நூலை லேசாகத் தூக்கினாள். அதன் அடியில், அதோடு ஒட்டிக்கொண்டு, சிவப்பு நூல் இருந்தது. ஏறும் இடத்தில் சேர்ந்து ஏறி, இறங்கும் இடத்தில் சேர்ந்து இறங்கியது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள்கூட அப்படி நடக்கமாட்டார்கள்.

"பிரமாதமா கணிச்சிருக்கீங்க" என்றார் துப்பறிவாளர். "பாராட்டணும்னா கடிதம் போட்டிருப்பேன். என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"நான் நல்லா கணிக்கலைங்க. தப்பா கணிச்சேன்."

"புரியலை."

"குவாரியில வெயில் மாசத்துல வேலை நடக்கும், லாரி லாரியா கல்லு போகும், வரி வரும். மழை மாசத்துல வேலை படுத்துடும். இது எல்லாருக்கும் தெரியும். நான் அட்டவணை போடறப்போ வரிசை மாறி, வெயில் மாசத் தொகையை மழை மாசத்துக்கும், மழை மாசத் தொகையை வெயில் மாசத்துக்கும் போட்டுட்டேன். கண்டுபிடிக்கிறதுக்குள்ள பட்ஜெட் புத்தகம் அச்சாயிடுச்சு. மழை மாசத்துல வசூல் விழும், மானம் போகும்னு உட்கார்ந்திருந்தேன்."

"விழுந்துதா?"

"விழலைங்க. மழையில ஏறிச்சு. இப்ப வெயில்ல இறங்குது. என் தப்பை அந்தக் குவாரி வரி வரி‌யா படிச்சிட்டு வந்து அப்படியே நடக்குது!"

மச்சினன் விசில் அடிக்கப் போய், இடம் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சந்தோஷப்பட வேண்டியதுதானே?" என்றார் துப்பறிவாளர், சோதித்துப் பார்க்க.

"எப்படிங்க? யாரோ குவாரி வாசல்ல வரி வாங்கற சாவடியில உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்துப் பணம் கட்டறான். மிச்சத்தை என்ன பண்றானோ தெரியாது. நாளைக்குக் காலையில தணிக்கைக்காரங்க வர்றாங்க. இதைப் பார்த்தா என்ன சொல்வாங்க? என் தப்பும் அவன் வசூலும் ஒரே மாதிரி இருந்தா, ரெண்டு பேரும் கூட்டுன்னுதானே? வேலையும் போகும், பேரும் போகும். இதுல இன்னிக்குச் சாயங்காலம் எங்க டைரக்டர் எனக்குப் பாராட்டுப் பத்திரம் தர்றார். துல்லியமான கணிப்புக்கு. கூடவே பதவி உயர்வு."

"சாயங்காலம் பத்திரம், காலையில விலங்கு" என்றான் மச்சினன். "ஒரே கையில வாங்கிக்கலாம், அலைச்சல் மிச்சம்."

துப்பறிவாளர் அவளையும் ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். கட்சிக்காரரையும் சந்தேகப்படுவது அவருடைய கொள்கை. போன வழக்கில் ஃபீஸ் கொடுத்துக் கூப்பிட்டவனே திருடனாகப் போனான். ஃபீசும் திருட்டுப் பணம்.

"எதுக்கும் குவாரியைப் பார்த்துடுவோம். நீங்களும் வாங்க" என்றார்.

பல் வலி என்று லீவு எழுதிவைத்துவிட்டு, கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு கணிப்பம்மா படி இறங்கினாள். வழியில் பார்த்த நாலு பேரும் நாலு பல் டாக்டர் பெயரைச் சொன்னார்கள்.

* * *

மச்சினனின் கார் ஊரறிந்த கார். அதன் கதவுகள் வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். உள்ளே இருப்பவர் இறங்கவேண்டுமானால் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திறக்கவேண்டும். ஜன்னல் இறங்கவில்லை என்றால் வழிப்போக்கரைக் கும்பிடவேண்டும்.

குவாரிக்கு முன்னால் லாரிகள் வால் பிடித்து நின்றன. புழுதி ஆளை மூடியது.

"பாருங்க" என்றாள் கணிப்பம்மா கன்னத்தைப் பொத்தியபடியே. "இந்த மாசத்துக்கு நான் போட்டிருக்கிறது மழை மாசக் கணக்கு. ஒண்ணுமே வராதுன்னு. இங்க திருவிழாக் கூட்டம் நிக்குது!"

பள்ளத்தின் விளிம்பில் நின்று துப்பறிவாளர் உள்ளே எட்டிப் பார்த்தார். கல் வெட்டிய பெரிய பள்ளம். கீழே லாரிகள் பொம்மை மாதிரி ஊர்ந்தன. பள்ளத்தின் ஒரு மூலையில், காய்ந்த பாறை மேல், மஞ்சள் வாத்துகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆள் உட்காரும் அளவு வாத்துகள். காலால் மிதிக்கிற படகுகள்.

அவற்றுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, வாத்தெல்லாம் அடைகாக்குதா?" என்று மச்சினன் பேச்சுக் கொடுத்தான்.

"இப்ப அடைதான். மழை வரட்டும், அப்புறம் வந்து பாருங்க. இந்தப் பள்ளம் பூரா தண்ணி. ஞாயித்துக்கிழமையானா படகுக்கு அடிதடி."

"அப்ப கல்லு வெட்ட மாட்டாங்களா?"

"எங்க வெட்டுறது? மீனைத் தள்ளி உட்காரச் சொல்லிட்டா?"

துப்பறிவாளர் எதிர்ப்பாறையைப் பார்த்தார். ஓடுகிற லாரியின் கூரைக்கும் மேலே, பாறையைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. குளித்து முடித்த தொட்டியில் அழுக்கு நிற்குமே, அது மாதிரி. தண்ணீர் நின்ற மட்டம்.

"மழை மாசத்துல இங்க லாரி ஓடியிருந்தா அதுக்குச் செவுள் இருந்திருக்கணும்" என்றார்.

"லாரியா? தலையைக் காட்டாது" என்றார் வாத்துக்காரர். "சாவடிக்காரரே பொழுது போகாம என்கிட்டதான் வருவாரு. தனியா ஒரு வாத்துல உட்கார்ந்து சுத்திச் சுத்தி மிதிப்பாரு. அவர் மூஞ்சியைப் பார்த்தா, நடுத்தண்ணியில குதிச்சுடப் போறாரோன்னு எனக்குப் பக்குனு இருக்கும். அவர்கிட்டக் காசு வாங்கவே மனசு வராது."

"வாங்கலையா?"

"வாங்கிடுவேன். மனசுதான் வராது."

திரும்பி நடக்கும்போது மச்சினன் தீர்ப்பு எழுதிவிட்டான். "கேஸ் முடிஞ்சுது மாமா. மழை மாச வரியைக் கட்டினது வாத்துங்க. அதுங்க பேர்ல ரசீது போட்டுக் கொடுத்துட்டுக் கிளம்பலாம்."

"உளறாதே மாப்ளே. மழையில வராத பணம் வந்திருக்கு. வெயில்ல வர்ற பணம் வரலை. அப்படின்னா என்ன? பணம் வர்ற வழியில எங்கேயோ இறங்கித் தங்கிட்டு, மெதுவாக் கிளம்பி வருது."

"எங்க தங்குது?"

"சாவடியில. தங்கின இடத்துல வாடகை கொடுக்காமயா இருக்கும்? பாதியைத் தின்னிருப்பான்" என்றார் துப்பறிவாளர். மனிதர்களைப் பற்றி அவர் அதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை.

* * *

கல் ஏற்றிய ஒவ்வொரு லாரியும் சாவடி ஜன்னலில் வரியைக் கட்டி ரசீது வாங்கவேண்டும். சேர்ந்த பணத்தைப் பாங்கில் போய் அரசாங்கக் கணக்கில் கட்டுவது சாவடிக்காரரின் பொறுப்பு. ஜன்னலில் ஒரு குமாஸ்தா ரசீது கிழித்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்த அறையில் புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்துகொண்டிருந்தது. துப்பறிவாளர் இரண்டையும் பார்த்துவிட்டு, விஷயம் இருக்கிற பக்கம் போனார்.

"வீடுன்னு ஒண்ணு இருக்கறது ஞாபகம் இருக்கா?" என்று சோற்றுத் தூக்கோடு ஒரு பெண் நின்றாள். "வந்து மூஞ்சியக் காட்டி எத்தனை நாளாச்சு? நேத்து ஃபோட்டோவைக் காட்டி, இந்த அங்கிள் யாரும்மான்னு கேக்குது பொண்ணு."

"கொஞ்சம் பொறு. நிலைமை சரியில்லை" என்றார் கட்டிலில் உட்கார்ந்திருந்த மெலிந்த மனிதர். அவர்தான் சாவடிக்காரர். சவரம் செய்யாத முகம். செருப்பின் ஒரு வார் நூலால் கட்டியிருந்தது.

துப்பறிவாளர் வாசலிலேயே நின்று அறையைக் கண்ணால் மேய்ந்தார். ஜன்னலோரம் காற்று வீசுகிறது; ஆனால் கட்டிலைப் போட்டிருந்தது மூலையில், புழுக்கத்தில், ஓர் இரும்புப் பெட்டிக்குக் குறுக்கே. கட்டிலின் கால் பெட்டிக் கதவை முட்டுக்கொடுத்து நின்றது.

"பணம் பெட்டியில, திருடன் கட்டில்ல" என்று காதைக் கடித்தான் மச்சினன். "அமுக்கிடலாமா?"

"பொறு. அந்தம்மா கையைப் பாரு."

"வெறுங்கை."

"மணிக்கட்டைச் சுத்தி வெளுப்பா ஒரு தடம் இருக்கு பாரு. ரொம்ப வருஷம் வளையல் போட்டிருந்த கை. திருடன் பொண்டாட்டி கையில வளையல் ஏறிப் பார்த்திருக்கேன். இறங்கிப் பார்த்ததில்லை. அப்புறம் இன்னொண்ணு. திருடினவன் பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோவான். வீட்டையே மறந்துட்டுப் பணத்துக்குப் பக்கத்துல வந்து படுப்பானா?"

முதல்முறையாகத் துப்பறிவாளருக்குத் தன் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"ஐயா, மழையில வாத்து மிதிக்கிறது எப்படி இருக்கும்?"

சாவடிக்காரர் பெட்டிப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "தணிக்கையா? நாளைக்குன்னு சொன்னாங்களே!"

மனைவி திரும்பினாள். "என்ன தணிக்கை? என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலை. அந்த அம்மா சொன்னபடி நடந்தேன்."

"எந்த அம்மா?"

அந்த இரண்டு சொல்லில் அறையின் புழுக்கம் இரட்டித்தது. கல்யாணமான துப்பறிவாளரும், கல்யாணமான அக்காவை உடைய மச்சினனும் ஓரடி பின்வாங்கினார்கள். சாவடிக்காரர் அப்பாவி, பின்வாங்கத் தெரியவில்லை.

"வருஷம் பூரா அவங்க சொல்றதைத்தான் கேக்கறேன். அவங்க நினைப்புல ராத்திரி தூக்கமே வர்றதில்லை. எல்லாம் அவங்களாலதான்."

சோற்றுத் தூக்கு மெல்ல உயர்ந்தது. எந்த நிமிஷமும் அது குழம்போடு சேர்ந்து இறங்கும் போலிருந்தது.

"அது நான்தாங்க!" என்று கன்னத்திலிருந்து கையை எடுத்தாள் கணிப்பம்மா. "தூக்கைக் கீழ வைங்கம்மா. நான் நிதித்துறையில கணிப்பு போடறவ. உங்க வீட்டுக்காரரை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

"பல் வலியை வெச்சுக்கிட்டு நல்ல நேரத்துல வாயைத் திறந்தீங்க" என்றான் மச்சினன்.

சாவடிக்காரர் எழுந்து நின்றார். சாமியை நேரில் பார்த்தவர் மாதிரி நின்றார். அந்தச் சாமியின் மேல் வருஷக்கணக்கில் கோபம் உள்ளவர் மாதிரியும் நின்றார். அவர் எழுந்ததும் கட்டில் நகர்ந்தது. கட்டில் நகர்ந்ததும் முட்டுப் போனது. பெட்டிக் கதவு கிறீச்சென்று திறந்து, நோட்டுக்கட்டுகள் தரையில் சரிந்தன. பூட்ட முடியாத அளவுக்குப் பெட்டி நிறைந்திருந்தது.



"சொல்லுங்க" என்றார் துப்பறிவாளர்.

"உங்க கணிப்பைவிட வசூல் கம்மியா வந்தா எங்களுக்கு மெமோ" என்றார் சாவடிக்காரர், கணிப்பம்மாவைப் பார்த்து. "ரெண்டு மெமோ சேர்ந்தா கண்காணாத ஊருக்கு மாத்தல். சரி, அதிகமா வந்தா நல்லதுன்னு நினைப்பீங்க. அதுவும் இல்லை. இந்த வருஷம் அதிகம் காட்டினா அடுத்த வருஷம் அதுதான் அளவுகோல். அதனால நல்லா ஓடற மாசத்துல மிஞ்சறதை எடுத்து வைப்பேன், ஓடாத மாசத்துல அதை எடுத்துக் கட்டுவேன். கணிப்பை ஒட்டியே போனா ஒரு பயலும் கேள்வி கேக்க மாட்டான். எனக்கு முன்னால இருந்தவர் சாவியைக் கொடுக்கறப்போ சொல்லிக்கொடுத்த வித்தை."

"போன வருஷம் நீங்க கட்டினதைப் பார்த்துத்தானே இந்த வருஷக் கணிப்பையே நான் போடறேன்!" என்றாள் கணிப்பம்மா.

"நீங்க போட்டதைப் பார்த்துத்தானேம்மா நான் கட்டறேன்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வெளியே ஒரு லாரி பொறுமை இழந்து ஹாரன் அடித்தது.

"சலூன்ல முன்னால ஒரு கண்ணாடி, பின்னால ஒரு கண்ணாடி வெச்சிருப்பாங்களே மாமா, அந்தக் கதை" என்றான் மச்சினன். "இது அதைக் காட்டுது, அது இதைக் காட்டுது. நடுவுல முடி வெட்டிக்க வந்த ஆளைத்தான் காணோம்."

"இந்த வருஷம்தான் என்னால முடியலை" என்றார் சாவடிக்காரர். "மழை மாசத்துல உச்சத்துக்குப் போட்டிருந்தீங்க. எல்லாம் தண்ணி. என்னமோ பெரிய இடத்துல யோசிச்சுத்தான் போட்டிருப்பாங்க, நமக்குத்தான் புரியலைன்னு நினைச்சேன். சேர்த்து வெச்சதைத் துடைச்சுக் கட்டினேன். அப்பவும் பத்தலை."

துப்பறிவாளர் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்தார். அவளும் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"தங்கச்சி படிப்புக்குன்னு சொன்னீங்க" என்றாள் அவள். குரலில் சண்டை போயிருந்தது. "தங்கச்சிக்குன்னு சொல்லித்தானே கழட்டி வாங்கிட்டுப் போனீங்க?"

சாவடிக்காரர் சரிந்த கட்டு ஒன்றைக் குனிந்து எடுத்தார்.

கணிப்பம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் வரிசை மாற்றிப் போட்ட ஒரு தொகை. அட்டவணையில் ஒரு வரி கீழே போகவேண்டியது மேலே போய்விட்டது. அதை நிஜமாக்க இங்கே ஒரு கையிலிருந்து வளையல் இறங்கியிருக்கிறது.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காதீங்க" என்றார் துப்பறிவாளர். கடைசித் தூண்டில் அது. "இப்ப பெட்டி வழியுது. அதுல கொஞ்சம் எடுத்து வளையலை மீட்டிருக்கலாமே? யாருக்குத் தெரியப் போகுது?"

சாவடிக்காரர் அவரை விநோதமாகப் பார்த்தார். "அது அரசாங்கப் பணமாச்சுங்களே."

துப்பறிவாளர் அப்போதும் பழக்கத்தை விடவில்லை. எதற்கும் ரசீது அடிக்கட்டைகளை வைத்துப் பெட்டிப் பணத்தை ஒரு தரம் எண்ணச் சொன்னார். எண்ணினார்கள். ஒரு காசு குறையவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

* * *

"ரெண்டு வழி இருக்கு" என்றார் துப்பறிவாளர். "பணம் இங்கயே இருந்தா நாளைக்குத் தணிக்கைக்காரன் பெட்டியைத் திறப்பான். அப்புறம் உண்மையைச் சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான். நானே நம்பியிருக்க மாட்டேன். இன்னிக்கே பாங்கில கட்டிட்டு, நடந்ததை நாமளே எழுதிக் கொடுத்தா, இவருக்கு மெமோ வரும், திட்டு வரும். ஜெயில் வராது. ஆனா மொத்தமும் இன்னிக்குக் கட்டினா..."

"வசூல் எகிறும். என் கணிப்பு கிழியும்" என்று முடித்தாள் கணிப்பம்மா. "பத்திரமும் போச்சு, பதவியும் போச்சு."

"கட்ட வேண்டாம்மா" என்றார் சாவடிக்காரர் அவசரமாக. "நான் பார்த்துக்கறேன். உங்க பேர் கெடக்கூடாது."

"நீங்க பார்த்துக்கிட்டது போதும்" என்றாள் அவள். "இனிமே நான் போட்டதைப் பார்க்காதீங்க. ஜன்னல் வழியா லாரியைப் பாருங்க. காரை எடுங்க தம்பி."

மச்சினனின் காரில் பணம் பின் சீட்டில், மனிதர்கள் பணத்தின் மேல். சாவடிக்காரரின் மனைவியும் வருவேன் என்றாள். புருஷனை இனித் தனியாக விடுவதாக இல்லை. பாங்க் வாசலில் கார் நின்றதும் வழக்கம்போல யாருக்கும் இறங்க முடியவில்லை. புழுதி அடைத்து ஜன்னலும் இறங்கவில்லை. துப்பாக்கியோடு நின்ற காவலாளி கண்ணாடி வழியாகப் பார்த்தான். மூட்டை மூட்டையாக நோட்டு, அதன் மேல் ஐந்து பேர், எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு.

"தம்பி, தப்பா நினைக்காதே" என்று உள்ளிருந்து கத்தினான் மச்சினன். "கொள்ளையடிச்சுட்டுப் போறவன் பாங்க்குக்கு உள்ள போகணும்னா அழுவான்?"

பணம் எண்ணுகிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது, கணிப்பம்மா கார் பானெட்டின் மேல் தாளை வைத்து இரண்டு விண்ணப்பம் எழுதினாள். ஒன்று தணிக்கைக்கு, நடந்ததெல்லாம். இன்னொன்று, மழை மாதத்தில் சாவடிக்காரர் கைப்பணமாகக் கட்டிய தொகையைத் திருப்பித் தரவேண்டும் என்று. காரணம் என்ற இடத்தில், ‘அந்த மாதம் கல் வெட்டப்படவில்லை, கணிப்புத் தவறு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அரசாங்கம் உள்ளே போன காசைத் திருப்பித் தருமா என்று கேட்டால், துப்பறிவாளருக்குச் சந்தேகம்தான். ஆனால் அந்தக் கையெழுத்தின் மேல் சந்தேகம் வரவில்லை.

வெளியே வந்த சாவடிக்காரர் காலி மூட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போலாமா?" என்றார் மனைவியிடம்.

"வழி தெரியுமா?" என்றாள் அவள். ஆனாலும் முன்னால் நடந்து வழி காட்டினாள்.

* * *

டைரக்டர் சட்டம் போட்ட பத்திரத்தோடு அறைக்குள் வந்தபோது, கணிப்பம்மா நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். பாங்கில் கட்டியதைக் கணக்கில் சேர்த்து நீல நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். நூல் பலகையின் உச்சியைத் தாண்டியது, சட்டத்தைத் தாண்டியது. சுவரில் ஏறியது. குண்டூசியை அவள் சுவர்ச் சுண்ணாம்பிலேயே குத்தினாள். சிவப்பு நூல் கீழே, எங்கேயோ, தனியாகக் கிடந்தது.

"பல் வலின்னாங்க? என்னம்மா இது?" என்றார் டைரக்டர்.

"வசூல் சார்."

"அப்ப கணிப்பு?"

"தப்பு சார். நாளைக்குத் தணிக்கையில நானே சொல்லப் போறேன். உங்க மேஜையில ஒரு பிரதி வெச்சிருக்கேன்."

டைரக்டர் சுவரைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், கையிலிருந்த பத்திரத்தைப் பார்த்தார். பிறகு அதைப் பத்திரமாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார்.

"கண்ணாடியையாவது கழட்டிக் கொடுத்திருக்கலாம். நம்ம கார் ஜன்னலுக்கு ஆகியிருக்கும்" என்றான் மச்சினன்.

கணிப்பம்மா சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அவள் சிரித்து அவர்கள் பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி, கைப்பையைத் திறந்து, "உங்க ஃபீஸ்" என்றாள்.

துப்பறிவாளர் காதில் அது விழவில்லை. அவர் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தார். கல் வரிப் பலகையைத் தாண்டி அடுத்த பலகைக்குப் போனார். வண்டி வரி. அதற்கடுத்து சினிமா வரி. அதற்கடுத்து மது வரி. கடைசிப் பலகை வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார்.

"மாப்ளே, இங்க வா. இந்தப் பலகையில எத்தனை நூல் தெரியுது?"

"ஒண்ணு."

"இதுல?"

"ஒண்ணு... மாமா, இதுலயும் ஒண்ணு. அதுலயும்."

கணிப்பம்மாவின் கைப்பை அப்படியே திறந்து நின்றது. அவள் மெல்ல வந்து, வண்டி வரிப் பலகையின் நீல நூலை நகத்தால் தூக்கினாள். அடியில் சிவப்பு, ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"இதுல நான் எதுவும் தப்பாப் போடலையே" என்றாள் அவள், சத்தமே இல்லாமல்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் துப்பறிவாளர். "மாப்ளே, இன்னும் நிறையச் சாவடியில இறங்க வேண்டியிருக்கும். எதுக்கும் அந்தக் கார் கதவை ஒரு மெக்கானிக்கிட்டக் காட்டு."